மேலிருந்து பார்க்கிறவர்களின் ஒழுக்கம்

கண்டியில் வானத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் மழை வருமா என்றுதான் பார்ப்பார்கள். வேற்றுக்கிரகத்தார் வருவார்களா என்று பார்க்கிறவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர். எங்களை வேறு எந்த இலக்கியக் கூட்டமும் சேர்த்துக்கொள்ளாததால் நாங்களே ஒரு வட்டம் தொடங்கிக்கொண்டோம். விஞ்ஞானப் புனைகதை வாசகர் வட்டம் என்று பெயர். மூன்று பேரை வைத்து வட்டம் வரைய முடியாது, முக்கோணம்தான் வரும் என்று முதல் நாளே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

பௌர்ணமி விடுமுறையான பொயா நாட்களில் கூடுவோம். அன்றைக்கு இறைச்சிக் கடை பூட்டு, சாராயக் கடை பூட்டு, என்னுடைய தொழிற்சாலையும் பூட்டு. செய்வதற்கு வேறொன்றுமில்லாத நாளில் மனிதகுலத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். இடம், நகரத்து நெரிசலுக்குள் ஒரு புடவைக் கடையின் மேல்மாடி. சாக்குக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார மூன்று கதிரை. பின்னால் தலையில்லாத பொம்மைகள் நாலைந்து சேலை கட்டிக்கொண்டு நிற்கும். ஒரு முறை புதிதாக வந்த ஒருவர் கூட்டத்தைப் பார்த்து, இன்றைக்கு வரவு நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். பேராதனையில் வீடு கட்டிக் குடியேறி, பேரப்பிள்ளை கண்டு, இன்னமும் 'ஊருக்குப் போறன்' என்றால் யாழ்ப்பாணத்தைச் சொல்கிறவர். இரண்டாமவர் மண்ணும் பாறையும் படித்த ஓர் இளம் முஸ்லிம் பெண் விரிவுரையாளர். கீழே இருக்கிற புடவைக் கடை அவருடைய மாமாவுடையது. அவரால்தான் எங்களுக்கு வாடகை இல்லாத மாடியும் நேரத்துக்குத் தேநீரும் கிடைத்தன. மூன்றாவது நான். பல்லேகலையில் ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரியா என்று பார்க்கிற வேலை. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை அறைகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவன். சொந்த இடம் எது என்று தலைவர் ஒரு நாள் கேட்டார். ஹுன்னஸ்கிரிய என்றேன். "ஓம், குளிரான இடம்" என்றார். என்னுடைய வாழ்க்கை வரலாற்றில் அவருக்குத் தேவைப்பட்ட பகுதி அதோடு முடிந்துவிட்டது.

கடந்த வருடம் முழுக்க எங்கள் விவாதம் ஒன்றே ஒன்றுதான்: தலையிடாமை விதி. இந்த வகைக் கதைகள் வாசிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முன்னேறிய நாகரிகத்தின் விண்கப்பல் ஒன்று பின்தங்கிய கிரகம் ஒன்றின் மேலே வந்து நிற்கும். கீழே இருப்பவர்களுக்குச் சக்கரமே இப்போதுதான் பிடிபட்டிருக்கும். அவர்களுக்கு நோய் வரலாம், பஞ்சம் வரலாம், எரிமலை வெடிக்கலாம். கப்பலில் மருந்து இருக்கும், சோறு இருக்கும், எரிமலையை அமர்த்துகிற கருவிகூட இருக்கும். ஆனால் தலையிடக் கூடாது. தலையிட்டால் அவர்களுடைய இயல்பான வளர்ச்சி கெட்டுவிடும். ஆகவே கப்பலின் தலைவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று, கண்கலங்கி, உயர்ந்த வசனம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போவார். அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கும். கீழே இருந்தவர்களுக்கு எரிமலை கிடைக்கும்.

எங்கள் தலைவருக்கு இந்த விதி என்றால் உயிர். "அவையளுக்கெண்டு ஒரு வாழ்க்கை முறை இருக்குது தம்பி. நாங்கள் போய் அதைக் குழப்பக் கூடாது. இண்டைக்கு ஒண்டைக் குடுத்தால் நாளைக்கும் கையை நீட்டுவினம். பிறகு தங்கடை காலிலை நிக்கவே மாட்டினம்" என்பார். அவர் வேலை செய்த காலத்தில் ஆற்றை மறித்து, ஊரைக் கிளப்பி, குளத்தைக் கட்டி, வேறு ஊரைக் குடியேற்றியவர். அதெல்லாம் தலையீட்டில் சேராது போலிருக்கிறது. கீழே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தால் என்ன என்று ஒரு பொயாவுக்கு நான் கேட்டேன். கேட்பதே தலையீடுதான் என்று பதில் வந்தது. அந்தப் பதிலின் அழகை ரசித்துக்கொண்டு நான் தேநீரைக் குடித்தேன்.

எனக்கு இந்த விதியின் மேல் கோபம் வருவதற்குக் காரணம் கதைகள் அல்ல. தேயிலை நட வெள்ளைக்காரர்கள் எங்கள் ஆட்களை இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கூட்டி வந்து, காட்டை வெட்ட வைத்து, மலையை மொட்டையாக்கி, அதன் இடுப்பிலே வரிசையாக அறை கட்டி உட்கார வைத்தார்கள். அதுவரை யாருக்கும் தலையிடாமை என்ற சொல் ஞாபகத்துக்கு வரவில்லை. எல்லாவற்றையும் செய்து முடித்து, மழை பெய்து, மலை அசையத் தொடங்கிய பிறகுதான் எல்லோருக்கும் அந்த ஒழுக்கம் வந்து சேர்ந்தது. லயம் கம்பெனிக் காணியில் இருக்கிறது, நாங்கள் தலையிட முடியாது என்பார்கள் அரசாங்கத்துக்காரர்கள். மண்சரிவு அரசாங்கத்து விஷயம், நாங்கள் தலையிட முடியாது என்பார்கள் கம்பெனிக்காரர்கள். இத்தனை விண்கப்பல்கள் ஒரே கிரகத்தைச் சுற்றி நின்று விதியைக் கட்டிக்காத்ததை நான் எந்தக் கதையிலும் வாசித்ததில்லை.

கார்த்திகை மழைக்குக் கொஞ்சம் முன்னால் சித்தி தொலைபேசியில் பேசினார். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். கொழுந்து பறித்து ஓய்ந்தும் அதே லயத்தில் அதே ஒற்றை அறைக் காம்பராவில் இருக்கிறவர். அன்றைக்குக் குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

"மகன், நம்ம லயத்துக்கு மேல சின்னதா ஹெலிகொப்டர் மாதிரி ஒண்ணு வந்துச்சு. சுத்திச் சுத்திப் படம் புடிச்சிட்டுப் போச்சு. இந்த வாட்டி நமக்கு வீடு வந்துரும்."

"வீட்டுக்குத்தான்னு யார் சொன்னா சித்தி?"

"வேற எதுக்கு வருவாங்க? அடுத்த டிவிசன்லயும் இப்படித்தானே வந்து அளந்தாங்க."

தோட்டத்தின் அடுத்த பிரிவான அந்த டிவிசன் கதை எனக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன்பு அங்கே சிலர் கருவியோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு ஏழு பேர்ச் காணியில் தனித்தனி வீடு வந்தது. ஆனால் கணக்கெடுத்த அன்று கொழும்பில் வேலைக்குப் போயிருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. காம்பரா பூட்டியிருந்ததால் ஆளே இல்லை என்று விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம். மேலே இருந்து யாராவது வந்து பார்த்தால், அவர்கள் திரும்பி வரும்வரை லயத்தை விட்டு அசையக் கூடாது. வெளியூரில் இருக்கிற சொந்தத்தையும் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டப்படி சித்தி கொழும்பிலிருந்த தன் மகனை, மருமகளோடும் கைக்குழந்தையோடும் வரச் சொல்லிவிட்டார். அவன் ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு வந்தான். பக்கத்துக் காம்பராக்களிலும் அப்படியே. எப்போதும் பாதி காலியாகக் கிடக்கிற லயம் தீபாவளிக் கூட்டமாக நிறைந்துவிட்டது.

அடுத்த பொயாவுக்கு வட்டம் கூடியது. தலைவர் வழக்கம்போல ஒரு கற்பனைக் கிரகத்தோடு வந்திருந்தார். இந்த முறை ஒரு விண்கல் அந்தக் கிரகத்தில் விழப்போகிறது, கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரியும், கீழே தெரியாது, சொல்லலாமா? நான் சொல்லலாம் என்றேன். தலைவர் கூடாது என்றார். அன்றைக்கு வந்ததிலிருந்தே விரிவுரையாளர் முகம் சரியில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சேர், இது கதை இல்ல, எங்க வேலையிலயே ஈக்குது" என்று தன் கைத்தொலைபேசியை எடுத்தார்.

மலைச்சரிவுகளை ஆராய்கிற ஒரு குழுவில் அவர் சேர்ந்திருந்தார். ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். படத்தில் ஒரு தேயிலை மலை, நடுவிலே நீளமாக ஒரு வெடிப்பு, அதற்குக் கீழே ஒரு லயத்தின் தகரக் கூரை. முற்றத்தில் சனம் வரிசையாக நின்று மேலே பார்த்துக் கை காட்டியது.

"இந்த வெடிப்பு சரியான மோசம். பெரிய மழை ஒண்ணு வந்தா மலை நிக்காது. ரிப்போட் மேல போய் ஈக்குது. அவங்க முறையா அறிவிக்கிற வரைக்கும் நாங்க சனத்துக்கிட்ட ஒண்ணும் சொல்ல ஏலா. சொன்னா பயந்து போவாங்களாம்."

தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இதைவிடச் சரியான உதாரணம் கிடையாது. பாருங்கோ, அந்தச் சனம் கையைக் காட்டுது. மேலை பறக்கிறது என்னெண்டே அதுகளுக்கு விளங்கேல்லை" என்று படத்தை விரலால் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார்.

பெரிதாகிய படத்தில் சித்தி நின்றார். நல்ல நாளுக்குக் கட்டுகிற பச்சைச் சேலை கட்டி, தலை வாரி, பூவும் வைத்துக்கொண்டு. வீடு கொடுக்க வந்தவர்கள் படம் எடுக்கும்போது அலங்கோலமாக நிற்கக் கூடாது என்று ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்திருப்பார். இவ்வளவு காலமும் அந்த மாடியில் நான் கப்பலில் இருக்கிறவர்களில் ஒருவன் என்று நினைத்துக்கொண்டு கிண்டல் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

"இது எங்க சித்தி" என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். திரும்பக் கழற்றினார். "அது வந்து தம்பி, கதை வேறை, வாழ்க்கை வேறை" என்றார். அவருடைய தத்துவம் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்ததை நான் பார்த்ததில்லை.

நான் விரிவுரையாளரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். உங்கள் ட்ரோனைப் பார்த்துத்தான் ஊரே கூடி அந்த வெடிப்புக்குக் கீழே வந்து படுத்திருக்கிறது, கைக்குழந்தை உட்பட. ஒன்றும் செய்யவில்லை, பார்க்க மட்டும்தான் செய்தோம் என்று இனிச் சொல்ல முடியாது. நீங்கள் பார்த்ததே சனத்தை இரண்டு மடங்காக்கிவிட்டது. நான் போய்ச் சொன்னால் நம்ப மாட்டார்கள். வீட்டு விஷயத்தில் பொறாமை பிடித்து டவுன்காரன் கதை கட்டுகிறான் என்பார்கள். படம் எடுத்தவர் வந்து சொன்னால்தான் கேட்பார்கள்.

அவர் தொலைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தார். "என்ட வேலை போகும் நானா" என்றார். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். போகலாம் என்றேன். பொய் சொல்லி அவரைக் கூட்டிப்போக எனக்கு மனமில்லை. பிறகு அவர் எழும்பி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "நாளைக்கே போவோம். லேட்டானா எனக்குத் தைரியம் வராது" என்றார்.

கார் தலைவருடையது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பேருந்தில் போய்ச் சேர அரை நாளாகும் என்று அவரே முன்வந்து ஓட்டினார். பல்லேகலையைத் தாண்டி, மலை ஏற ஏற மழையும் ஏறியது. தோட்டத்துப் பாதையில் கார் நின்றதும் நாங்கள் இறங்கினோம். அவர் இறங்கவில்லை. "நீங்கள் போங்கோ, நான் இதிலை இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறன்" என்றார். பழக்கம் அப்படிச் சுலபத்தில் விடுமா? அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருந்தார். சித்தி அவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணியைக் குடை பிடித்துக்கொண்டு கொண்டுபோய்க் கண்ணாடியில் தட்டினார். கண்ணாடி இறங்கியது.

விரிவுரையாளர் லயத்து முற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மேலே மலை பிளந்திருக்கிறது, மழை கூடினால் இறங்கும், இங்கே இருக்கக் கூடாது. சொல்லும்போது அவருக்குக் குரல் நடுங்கியது. படம் எடுத்த மிஸ் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுச் சனம் முகம் கழுவிக்கொண்டு கூடியிருந்தது. சொல்லி முடிந்ததும் சித்திதான் கேட்டார்.

"அப்ப வீட்டுக்கு அளக்க வரலையா மிஸ்?"

"இல்லம்மா."

"அன்னைக்கு எங்களப் படம் புடிச்சது?"

"உங்கள இல்லம்மா. மலையத்தான் புடிச்சோம். நீங்க அதுல நின்டீங்க."

சித்தியின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. மலை விழப்போகிறது என்று கேட்டபோது மாறாத முகம் அப்போது மாறியது. கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு மகனைப் பார்த்து, "இவ்வளவு படிச்ச புள்ள நடுங்கிக்கிட்டு நிக்குது. குழந்தையத் தூக்குடா" என்றார்.

சித்தி கிளம்பினால் லயம் கிளம்பும். உடனே இல்லை, விட்டுப் போனால் பட்டியலிலிருந்து பேர் போய்விடுமே என்று ஒரு பொழுது முழுக்க வாக்குவாதம் நடந்தது. கடைசியில் எல்லோரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக ஒத்துக்கொண்டார்கள். விடுமுறைக் காலம் என்பதால் அதிபர் மண்டபத்தைத் திறந்துவிட்டார். அப்போதும் ஒரு காரியம் செய்தார்கள். காம்பராவுக்குள் சாமி விளக்கை ஏற்றி வைத்து, முன் திண்ணையான இஸ்தோப்பில் கொடியில் துணியைக் காயப் போட்டு, வாசலில் செருப்பையும் விட்டுவிட்டுப் போனார்கள். யாராவது கணக்கெடுக்க வந்தால் ஆள் இருக்கிறது என்று தெரியட்டும். கொட்டுகிற மழையில் துணி காயப் போடுகிற கிரகம் இது ஒன்றாகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மலை இறங்கியது. சில நாள் கழித்துப் பெரிய மழையில், பட்டப்பகலில், எல்லோரும் பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. சித்தியின் காம்பரா இருந்த பாதி லயம் இருந்த அடையாளம் இல்லை. மற்றப் பாதியில் சேறு கூரைவரைக்கும் நின்றது. ஆள் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு நான் விரிவுரையாளரைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் தொலைபேசியிலேயே அழுதார். நானும் அழுதேன். தலைவருக்கும் சொன்னேன். "நல்லது தம்பி, நல்லது" என்று மட்டும் சொன்னார். மாலையில் பேராதனையிலிருந்து மெத்தைகள் கட்டிய ஒரு சிறிய லொறி புறப்பட்டது. அனுப்பியவர் யார் என்று சொல்லக் கூடாது என்று தலைவர் சாரதிக்குத் தடை போட்டிருந்தார். சாரதி இறங்கியதும் முதல் வேலையாக அதைச் சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு மேலே இருக்கிறவர்கள் எல்லோரும் மிகவும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள். வந்தவர்கள் முதலில் கேட்டது, உயிர்ச்சேதம் உண்டா என்றுதான். இல்லை என்றதும் அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிம்மதியோடு சேர்ந்து அவர்கள் வேகமும் போய்விட்டது. அதே மழையில் இன்னொரு மலைச்சரிவில் ஆட்கள் மண்ணுக்குள் போயிருந்தார்கள். கமராக்களும் வெள்ளை வாகனங்களும் எங்கள் பாதையைத் தாண்டி அங்கே போயின. அங்கே மந்திரி வந்தார், வீடு அறிவித்தார், அடிக்கல்லும் நட்டார். எங்களுக்குப் பருப்பும் பாயும் வந்தன. விரிவுரையாளரை அந்தக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலை போகவில்லை; இனிமேல் மலைக்குப் போக வேண்டாம், வகுப்பு மட்டும் எடுங்கள் என்று சொன்னார்களாம். சனத்தோடு அளவுக்கு மீறிப் பழகுவது ஆய்வுக்கு நல்லதில்லையாம்.

பொயா வந்தது. நாங்கள் புடவைக் கடை மாடியில் கூடவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போனோம். விரிவுரையாளர் மாமாவிடம் கேட்டு ஒரு கட்டுப் போர்வை கொண்டுவந்திருந்தார். பள்ளித் தவணை தொடங்கப் போகிறது, மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும், சேறு வழித்த காம்பராக்களுக்குத் திரும்பிப் போங்கள் என்று அன்று காலையில்தான் அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். காம்பரா இல்லாதவர்கள் சொந்தக்காரர் வீட்டில் இருக்கலாமாம். சித்தியின் மகன் கொழும்பில் பழைய வேலையைக் கேட்டுப் பார்த்தான். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். குழந்தை தலைவரின் மெத்தையில் தூங்கியது.

குண்டசாலையில் நான் வாடகைக்கு இருக்கிற அறைக்கு வந்துவிடுங்கள் என்று சித்தியிடம் சொன்னேன். ஒரு ஆள் படுக்கிற அறையில் எத்தனை பேர் படுப்பது என்று கேட்டார்.

விரிவுரையாளர் போர்வைகளைப் பிரித்து ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். சித்தியிடம் வந்தபோது, "மன்னிச்சிக்கோங்கம்மா, என்னால வேற ஒண்ணும் செய்ய ஏலாமப் போச்சு" என்றார். சித்தி போர்வையை வாங்கி மடியில் வைத்து, அவருடைய கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நீங்க என்ன மிஸ் பண்ணுவீங்க. நீங்க வந்து சொன்னதாலதான் இந்தக் குழந்தை தூங்குது. அது எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு மகனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார்: "ஆனா நான் ஒருத்தி மட்டும் உள்ள இருந்திருக்கணும் மிஸ். இவனுக்கு ஒரு வீடு கெடச்சிருக்கும்."